கணக்கில் வராத பத்தடி

ஜூன் 3

தங்கைக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பது வழக்கம். நான்கு மாதமாகப் போனை எடுக்காதவளிடம் அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது? உயிரோடு இருக்கிறாய் என்று தெரியும். உங்கள் மலை வானிலை நிலையத்தின் மழை அளவு வாராவாரம் பேப்பரில் வருகிறது. நீ அளக்காமல் அது வராது.

பிப்ரவரியில் லீவில் வந்தவள் இரண்டாம் நாளே கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். உன் இரண்டு டிரங்குப் பெட்டிகள் பால்கனியில் கிடக்கின்றன. மழை வந்தால் நனையும். என்ன செய்யட்டும், சொல்.

உங்கள் தலைமை அலுவலகத்து ஆள் ஒருவர் வீட்டு வரைபடத்தோடு நகராட்சிக்கு வந்திருந்தார். என் மேஜையைத் தாண்டாமல் இந்த ஊரில் யார் வீடு கட்ட முடியும்? அவர் சொல்கிறார், ‘உங்க தங்கச்சி மலையிலேயே இன்னும் மூணு வருஷம் இருக்கப் போறாங்களாமே!’ கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. நிஜமா?

சுவர் விஷயத்தில் அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்வேன். உன் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது பாரம் தாங்குகிற சுவரே இல்லை. அதை எடுத்த பிறகுதான் வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் வருகிறது. நீ வருஷத்தில் இருபது நாள் படுக்கிற அறைக்காக மீதி நாளெல்லாம் நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமா? அம்மா அப்பா விட்டுப்போன வீடு இருவருக்கும் பொதுதான், இல்லை என்று சொல்லவில்லை. நீ வந்தால் கூடத்தில் தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம்.

உன் அத்தான் விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

அக்கா


ஜூன் 14

அக்கா,

போனை ஏன் எடுப்பதில்லை தெரியுமா? போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. இந்த வரிக்கு வந்ததும் ‘நான் எப்போடி குறுக்கே பேசினேன்?’ என்று சத்தம் போட்டிருப்பாய். எனக்குக் கேட்கவில்லை. எவ்வளவு நிம்மதி!

மூன்று வருஷம் என்பது இன்னும் முடிவாகவில்லை. இங்கேயே நீடிக்கிறேனா, ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொள்கிறேனா என்று டிசம்பர் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வருவது என்றால் எங்கே வருவது என்று ஒன்று இருக்கிறதே. அதனால் இப்போதைக்கு மலை எனக்குப் பிடித்திருக்கிறது.

பெட்டிகள் மேல் தார்ப்பாய் போடு. சுவரைப் பற்றி இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன். நீ எழுதினால் பதில் வராது.

ஆனால் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. இங்கே நாலு மணிக்கெல்லாம் பனி மூடிவிடும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே சாப்பாட்டு அறையில் நாங்கள் நாலு பேர் ஒரு ஆட்டம் ஆடுவோம். ஜெனரேட்டர் மெக்கானிக்தான் நடுவராக இருந்து நடத்துவார். போன மாதம் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. ‘குரல் கணீர்னு இருக்கு, இனிமே நீங்களே நடத்துங்க’ என்று ஆட்டப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆட்டம் இதுதான். மண்ணுக்கு அடியில் ஒரு பழைய நிலவறை. அதில் பூதம், புதையல், பொறி எல்லாம் உண்டு. நடுவர் அதன் வரைபடத்தை மறைத்து வைத்துக்கொண்டு, கண்ணெதிரே இருப்பதை மட்டும் வாயால் சொல்வார். ஆடுகிறவர் வீரனாகவோ திருடனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து ‘நான் இதைச் செய்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். பலகையும் கிடையாது, காயும் கிடையாது. கேட்டதை வைத்து நீயே வழியைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். உயிரோடு வெளியே வந்தால் கெட்டிக்காரி.

என் நிலவறையை நானே வரைந்திருக்கிறேன். இவர்கள் முன்னால் வைப்பதற்குள் அதில் எங்கெல்லாம் ஓட்டை என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். குற்றம் கண்டுபிடிக்க உன்னை விட்டால் இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

துணிப்பையில் பகடைகள் அனுப்பியிருக்கிறேன். சாதாரணப் பகடை மூன்றையும் சேர்த்து ஆறு தடவை உருட்டு. பலம், புத்தி, விவேகம், சுறுசுறுப்பு, உடல்வலு, வசீகரம். வந்த வரிசையிலேயே எழுது, இடம் மாற்றக் கூடாது. எட்டு முகப் பகடையை ஒரு தடவை உருட்டினால் அதுதான் வீரனின் உயிர்ப்புள்ளி; திருடனுக்கு நாலு முகப் பகடை. அது தீர்ந்தால் ஆள் காலி. பார்க்க யாரும் இல்லை என்று மாற்றி எழுதாதே. நீ எழுத மாட்டாய், அது எனக்குத் தெரியும்.

இதோ: படிகளில் இறங்கி வந்துவிட்டாய். கையில் தீப்பந்தம். எதிரே ஈரத்தில் உப்பிப்போன மரக்கதவு, இறுகிக் கிடக்கிறது. என்ன செய்கிறாய்?

தங்கை


ஜூன் 25

வாலு,

நாற்பத்தாறு வயதில் என்னைப் பகடை உருட்ட வைத்துவிட்டாய். நாலு முகப் பகடை ஒன்று அனுப்பியிருந்தாயே, அது கீழே விழுந்து, அதை நான் மிதித்து, அது என் காலைப் பதம் பார்த்து, நான் அதை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். அதற்கு நான் பொறுப்பில்லை.

பலம் பதினைந்து, புத்தி பத்து, விவேகம் ஐந்து, சுறுசுறுப்பு எட்டு, உடல்வலு பன்னிரண்டு, வசீகரம் ஆறு. விவேகம் ஐந்தா? இது எந்த ஊர் நியாயம்? பலத்தில் கொஞ்சம் எடுத்து விவேகத்தில் போட்டால் குடியா முழுகிப்போகும்? உன் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, ‘பகடைக்கு எப்படித் தெரிஞ்சுது?’ என்கிறார். பொய்ப்பல் கட்டுகிற பட்டறையில் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் மட்டும் வாய் வந்துவிடுகிறது. உயிர்ப்புள்ளி மூன்று.

ஆள் வீரன். பெயர் மேஸ்திரி. கோடரி, கயிறு, தீப்பந்தம், காய்ந்த இறைச்சி, பத்தடிக் கழி எல்லாம் இருக்கிறது. கழி அளப்பதற்கு.

இப்போது உன் நிலவறைக்கு வருகிறேன். இவ்வளவு பேர் புழங்குகிற இடத்துக்கு ஒரே ஒரு வாசலா? தீப்பிடித்தால் உன் பூதமெல்லாம் எந்த வழியாக வெளியே ஓடும்? காற்றுப்போக்கி எங்கே? கழிவறை எங்கே? இந்த வரைபடம் என் மேஜைக்கு வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கதவு இறுகியிருந்தால் என்ன, உடைக்கிறேன்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

கதவு உடைந்தது. ஒரே வெட்டு, படிக்கட்டு முழுக்க எதிரொலி. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது மாதிரி நீ உள்ளே போவதற்கு முன்பே நீ வருகிற சேதி போய்விட்டது. உள்ளே நாய் அளவுக்கு ஐந்து எலிகள். எங்களோடு ஆடுகிற ரேடியோக்காரரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு உருட்டினேன். முதல் எலி கடித்ததில் இரண்டு புள்ளி. இரண்டாவது கடியில் மேஸ்திரி காலி.

ரேடியோக்காரர் கேட்டார், ‘கதவுல காது வெச்சுக் கேக்கலையா உங்க அக்கா?’ இந்த ஆட்டத்தில் முதல் பாடமே அதுதானாம். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். உள்ளே போவதெல்லாம் அப்புறம். ‘எங்க அக்கா காதெல்லாம் வெக்க மாட்டா’ என்று சொன்னேன்.

கழிவறை விஷயம் நியாயம். ஒன்று சேர்த்துவிட்டேன். அதில் ரத்தம் குடிக்கிற பெரிய அட்டை ஒன்றும் இருக்கிறது.

விருப்பம் இருந்தால் புது ஆளை உருட்டு. இல்லையென்றால் விட்டுவிடு, எனக்கு வருத்தமில்லை.

தங்கை


ஜூலை 16

வாலு,

வருத்தமில்லையாம்! கொன்று போட்டுவிட்டு வருத்தமில்லை என்கிறாய். இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. ஆபீசில் ஒருவருடைய மாடிப்படியை, இரண்டு அங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினேன். அவர் பாவம், மேஸ்திரி செத்ததற்கு அவர் என்ன செய்வார்?

மேஸ்திரிக்கு ஒரு தம்பி இருக்கிறான். சின்ன மேஸ்திரி. அண்ணன் கோடரியும் கழியும் அவனுக்குத்தான் வரும், வாரிசு அவன்தான். விவேகம் பதினொன்று. உயிர்ப்புள்ளி ஆறு.

உன் அத்தானும் சேர்ந்துகொண்டார். திருடனாம், பெயர் பூனையாம். திருடனுக்கு உயிர்ப்புள்ளி உருட்ட நாலு முகப் பகடை வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் நான் எறிந்துவிட்டேனே. மனுஷன் பொய்ப்பல்லுக்கு ஈறு செய்கிற ரோஸ் நிறப் பசையிலேயே புதுசாக ஒன்று வார்த்துக்கொண்டு வந்துவிட்டார். மேஜையில் கிடந்தால் யாருடைய வாயிலிருந்தோ விழுந்தது மாதிரி இருக்கிறது.

இந்த முறை இறங்கும்போது பூனை முன்னால் போய்க் காது கொடுத்துக் கேட்கிறது. எலிகள் இன்னும் அங்கேயே இருந்தால் சண்டை போட மாட்டோம். காய்ந்த இறைச்சியை மூலையில் எறிந்துவிட்டு, அவை தின்னும்போது சுவரோரமாகத் தாண்டிப் போகிறோம்.

அக்கா

அத்தானின் பின்குறிப்பு: பூனையின் உயிர்ப்புள்ளி ஒன்று. வீட்டிலும் அதே நிலைமைதான் என்பதால் பழகிவிட்டது.


ஜூலை 28

அக்கா, அத்தான்,

ஆகா! எலிக்குத் தின்னக் கொடுக்க நீதான் யோசித்தாயா? விதிப் புத்தகத்தில் எங்கேயும் இல்லாத வழி. இப்படி ஒன்றைச் சொல்லி நடுவரை முழிக்க வைப்பதுதான் ஆட்டமே. கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் படித்துக் காட்டினேன். சமையல்காரர் கையைத் தட்டினார். வானிலை பலூன் விடுகிறவர் ‘அந்தம்மா கெட்டிக்காரங்கப்பா’ என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்ததை இருந்தது என்று சொல்லத்தானே வேண்டும்.

எலிகளைத் தாண்டிவிட்டீர்கள். வரைந்துகொள். கிழக்கே போகிற நடைபாதை, எழுபதடி நீளம். உங்கள் இடது கைப் பக்கத்தில் இரண்டு அறைகள், இரண்டுக்கும் திறந்த வாசல். முதல் அறை நடைபாதை தொடங்குகிற இடத்தில் தொடங்குகிறது, முப்பதடி அகலம். இரண்டாவது அறை நடைபாதை முடிகிற இடத்தில் முடிகிறது, அதுவும் முப்பதடி. முதல் அறையில் உடைந்த பானைகள். இரண்டாவதில் ஒரு கல் மேடை, அதன் மேல் துருப்பிடித்த வாள். தொட்டால் என்ன ஆகும் என்பது தொட்டால்தான் தெரியும்.

அவசரமில்லை, யோசித்து எழுது. இப்போதெல்லாம் ஜீப் தபால் கொண்டுவருகிற நாளில் காலையிலிருந்தே காது அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

தங்கை


ஆகஸ்ட் 9

வாலு,

உன் வரைபடத்தில் தப்பு இருக்கிறது.

நடைபாதை எழுபதடி. அறைகள் முப்பதும் முப்பதும் அறுபது. மீதிப் பத்தடி எங்கே போனது? இரண்டு அறைகளுக்கு நடுவே பத்தடி கனத்துக்குச் சுவரா வைப்பார்கள்? நீ சின்ன வயதிலிருந்தே கூட்டலில் கோட்டை விடுகிறவள். ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்று அப்பா உன் கணக்கு நோட்டைப் பார்த்துத்தான் சொல்வார்.

கவலைப்படாதே, சரி செய்துவிட்டேன். சுத்தமாகப் பிரதி எடுத்துத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், சிவப்புப் பென்சிலில் இருப்பது என் திருத்தம். நடுவில் இருந்த சுவர் இரண்டையும் எடுத்துவிட்டு எழுபதடிக்கு ஒரே கூடமாகப் போட்டுவிட்டேன். கணக்கும் சரியாக வருகிறது, காற்றோட்டத்துக்கும் நல்லது. உன் ஆட்கள் முன்னால் தைரியமாக இதையே வைக்கலாம்.

வாளைத் தொடவில்லை. கழியால் தள்ளிப் பார்க்கிறோம்.

அக்கா


ஆகஸ்ட் 19

அக்கா,

உன் திருத்தம் வந்தது. பிரித்துப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடியும் அதையே செய்திருக்கிறாய். என்ன செய்தோம் என்றுகூட உனக்குத் தெரியவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை. தாளில் நான் கட்டின இரண்டு அறையைக்கூட உன்னால் விட்டுவைக்க முடியவில்லை. தப்பு என்று தோன்றினால், ‘இது என்ன?’ என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே. நீ கேட்கவே மாட்டாய். பென்சிலை எடுப்பாய், இல்லையென்றால் ஆளைக் கூப்பிட்டுக் கடப்பாரையை எடுக்கச் சொல்வாய்.

எழுத மாட்டேன் என்று சொன்னதை நானே மீறுகிறேன். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். நான் ஒன்றும் சித்திரம் எழுதவில்லை. ராத்திரி டூட்டியில் பாதி வயது போனவள் நான். பகலில் தூங்க, சும்மா இருக்க, யாருக்கும் பதில் சொல்லாமல் அழ, எனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்தது. இருபது நாளோ இரண்டு நாளோ, அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மீதி நாள் இந்தப் பனியில் இருந்தேன். கேட்டால் வேண்டாம் என்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் நான் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்தாய்.

ஆட்டம் போதும். பகடைகளை நீயே வைத்துக்கொள்.

தங்கை


அக்டோபர் 12

தங்கைக்கு,

இதற்கு முன் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலிலும் நான்தான் ஜெயித்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள்தானே. ஜெயித்துவிட்டுப் பார்த்தால் எதிரே யாரும் இல்லை.

அதனால் ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சிவப்புப் பென்சில் தாளைக் கிழித்துவிட்டேன், நீயும் கிழித்துவிடு. நீ சொன்னதைச் சொன்னபடியே திரும்ப வரைந்தேன். முப்பது, நடுவில் பத்து, அப்புறம் முப்பது. அந்தப் பத்தை வெள்ளையாகவே விட்டிருக்கிறேன். எனக்கு அது சுலபமில்லை. தினமும் சாப்பிட்டுவிட்டு அந்த வெள்ளையைப் பார்ப்பேன், கை துறுதுறுக்கும், எழுந்து போய்விடுவேன்.

இருபத்திரண்டு வருஷமாக வரைபடம் பார்க்கிறேன். கணக்கில் வராத இடம் ஒன்று இருந்தால் அதற்கு இரண்டு காரணம்தான். ஒன்று, வரைந்தவருக்குத் தப்பு நேர்ந்திருக்கும். இல்லை, நான் பார்க்கக் கூடாத ஏதோ ஒன்று அங்கே இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இரண்டாவதை நினைத்தது கிடையாது.

சுவரை எடுத்தது வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு தடவையும் நீ லீவு முடிந்து போன பிறகு கூடத்தில் உட்கார்ந்தால் அந்தச் சாத்தின கதவுதான் கண்ணில் படும். உள்ளே நீ இல்லை என்று தெரியும், ஆனாலும் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்காததை எடுத்துவிடுவது என் பழக்கம், உனக்குத் தெரியாததா?

சின்ன மேஸ்திரி வாளை விட்டுவிட்டு முதல் அறைக்கே திரும்பி வந்து நிற்கிறான். அந்தப் பத்தடிப் பக்கத்துச் சுவரில் காதை வைத்துக் கேட்கிறான். ஏதாவது கேட்கிறதா? தப்பு என்றால் தப்பு என்று சொல், ஒன்றும் சொல்ல மாட்டேன். இது கேள்விதான், திருத்தம் இல்லை.

அக்கா

அத்தானின் பின்குறிப்பு: பூனையும் பக்கத்தில் நிற்கிறது. வீட்டில் ஒரு வாரமாக சிமென்ட் வாசனை. எனக்கு எதுவும் தெரியாது, நான் எதுவும் சொல்லவில்லை.


நவம்பர் 2

அக்கா,

உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்துவிட்டேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னது சரி. அது தப்புதான். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தை எண்ணாமல் விட்டிருக்கிறேன். ஆகஸ்டில் கோபமாக எழுதினேனே, அப்போதே எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அவ்வளவு கோபம் வந்தது. இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுக்கொள், நான் காத்திருக்கிறேன்.

ஆனால் அதற்கப்புறம் ஒன்று நடந்தது. செப்டம்பரில் இவர்களோடு ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் பகடை மேஜைக்கு அடியில் ஓடியது, சமையல்காரரின் மந்திரவாதி கழிவறை அட்டையிடம் மாட்டிச் செத்தான். மூன்றாம் வாரம் அதே நடைபாதைக்கு வந்தார்கள். ரேடியோக்காரர் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘நடுவுல ஏதோ இடிக்குதே, இங்க ஒரு ரகசிய அறை இருக்கு, இல்ல?’ என்றார். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஒரு கணம் உன் சிவப்புப் பென்சில் ஞாபகத்துக்கு வந்தது. ‘இருக்கலாம்’ என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே உட்கார்ந்து அந்தப் பத்தடியில் ஒரு அறை கட்டினேன். சொன்னால் நம்ப மாட்டாய், முழு நிலவறையிலும் எனக்கு ரொம்பப் பிடித்த அறை அதுதான். தப்பில் முளைத்தது. இப்போது யாராலும் அதை எடுக்க முடியாது, என்னாலும்கூட.

அவர்கள் இன்னும் அதைத் திறக்கவில்லை. அதனால் நீதான் முதல் ஆள்.

சின்ன மேஸ்திரி காதை வைக்கிறான். அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம். கையால் தடவிப் பார்த்தால் கல்லுக்கு நடுவே ஒரு கதவின் விளிம்பு தட்டுப்படுகிறது. இந்தப் பக்கம் கைப்பிடி கிடையாது. தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறது. அடியில் மெல்லிசாக வெளிச்சம் தெரிகிறது. உன் கையில் கோடரி இருக்கிறது. என்ன செய்கிறாய்?

மேலிடத்துக்குக் கொடுக்க வேண்டிய பதிலை இன்னும் எழுதவில்லை. அத்தான் சொன்ன வாசனை என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

தங்கை


நவம்பர் 20

வாலு,

ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். முடிந்தது.

‘பலம் பதினாலு இருக்கு, ஒரே வெட்டுல விழுந்துடும்’ என்றார் உன் அத்தான், வேண்டுமென்றே என் வாயைக் கிளறுவதற்காக. சின்ன மேஸ்திரி கோடரியைக் கீழே வைத்துவிட்டான். கதவைத் தட்டுகிறான். தட்டிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து நிற்கிறான். பதில் வரும்வரை காத்திருப்பான். தீப்பந்தம் அணைந்தாலும் இருட்டிலேயே நிற்பான். எலி வந்தால் கொடுக்க இன்னும் இறைச்சி இருக்கிறது.

வீட்டு விஷயம். சுவர் எழுப்பியாகிவிட்டது. பழைய இடம், பழைய அளவு. ஜன்னலை மட்டும் ஒரு அடி பெரிதாக்கலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உன்னைக் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டேன். கூடம் மறுபடியும் இருட்டுதான். பகலிலும் விளக்குப் போட்டுக்கொள்கிறோம், பழகிக்கொள்வோம்.

கதவு புதுசு. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற பூட்டு. சுண்ணாம்பு காய்ந்த அன்று உன் பெட்டிகள் இரண்டையும் உள்ளே வைத்தேன். மூலை நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை அளந்து பார்த்தேன். சரி, பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பூட்டுக்காரர் மூன்று சாவி கொடுத்தார். மூன்றையும் அப்போதே உறையில் போட்டு ஒட்டினேன். ஒட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது, என் அளக்கிற டேப்பை உன் பெட்டி மேலேயே வைத்துவிட்டேன்.

‘உறையைப் பிரிச்சு ஒரு சாவியை எடு’ என்றார் அத்தான். ‘இல்லன்னா பூட்டை உடைச்சுடலாம், வேற பூட்டு போட்டா யாருக்குத் தெரியும்?’ என்றார். எனக்குத் தெரியுமே. இரண்டு வாரமாக ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரிடம் டேப் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மூன்று சாவியும் இதில் இருக்கிறது. என்னிடம் ஒன்றும் இல்லை. நீ மலையிலேயே மூன்று வருஷம் இருந்தாலும் சரி, அந்தக் கதவு உன் கதவு. ஆனால் நீ வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஜாடையாகச் சொல்ல எனக்கு வராது. வா.

அக்கா


டிசம்பர் 4

அக்கா,

உறையைப் பிரித்ததும் சாவி மூன்றும் சாப்பாட்டு மேஜையில் கொட்டின. ‘புது மாதிரிப் பகடையா?’ என்று கேட்டார் பலூன்காரர். மழைமானியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன். மழையே இல்லை.

மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீட்டிப்பு வேண்டாம், மாற்றல் கொடுங்கள் என்று. பிப்ரவரியில் வருகிறேன். அதற்குள் இவர்கள் நிலவறையில் இரண்டாம் தளம் வரைக்கும் போய்விடுவார்கள், அப்புறம் பெட்டியை ரேடியோக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். ஊரில் நமக்கு வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். ரோஸ் நிறப் பகடையை அத்தானைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

சின்ன மேஸ்திரி தட்டுகிறான். உள்ளே நாற்காலிச் சத்தம் நிற்கிறது. யாரோ நடந்து கதவுப் பக்கம் வருகிறார்கள். ‘யாரது?’ என்று ஒரு குரல். தாழ்ப்பாள் விலகுகிறது. மீதியை நேரில் வந்து சொல்கிறேன்.

ஒரு சாவியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது உனக்குத்தான், நீயே வைத்துக்கொள். போய் உன் டேப்பை எடுத்துக்கொள். ஒன்றே ஒன்று, திறப்பதற்கு முன்னால் கதவைத் தட்டு. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தாலும் தட்டு.

தங்கை